சம்பூர் சனம் மறுத்த மாற்றுக்காணி

திருகோணமலைத் துறைமுகத்தின் எதிர்க்கரையில், கொட்டியாரக் குடாவின் தெற்கே இருக்கிறது சம்பூர். 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே அதற்குப் பதிலடியாகச் சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டுவீச்சும் எறிகணைவீச்சும் தொடங்கின. சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. வாகரை, பிறகு மட்டக்களப்பு, கடைசியில் மூதூர்ப் பக்கம் திரும்பி கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்களும் கந்தளாய்க்கு ஓட நேர்ந்தது. மூதூர் கிழக்கின் கரையோர வேடர் சமூகம் பட்ட பாட்டை எழுதியவர்கள் மிகக் குறைவு.

2007 மே மாதம் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அனல் மின் நிலையத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் அந்த நிலம் குறிக்கப்பட்டது. சனத்துக்கு வேறிடத்தில் காணி தருவதாகச் சொன்னார்கள். பல குடும்பங்கள் மறுத்தன. தறப்பாளின் கீழே, உலருணவை நம்பி, கூலிவேலைக்குப் போய்வந்தபடி மறுத்தன. இடம்பெயர்ந்து கழிந்தது ஒரு வருடமல்ல, ஒன்பது வருடம். வயலும் கடலும் பத்திரகாளி அம்மன் கோயிலும் அங்கே இருக்க, வேறெங்கோ ஒரு துண்டு நிலத்தை ஊர் என்று ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மனத்திடம் என்று நாம் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று யாழ்ப்பாண அனுபவத்திலிருந்து நெடுங்காலம் எழுதிவருபவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். அப்படியானால் ஆற வேண்டியதும் ஊர்தான். சம்பூருக்கு 'வலயம்' என்று பெயர் வந்த அதே 2007இல், ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நெருக்கடிக்கால உளநலத்துக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும் அதில் அடித்தளம். அதற்குமேல் குடும்பமும் சமூகமும். நிபுணர் சிகிச்சை உச்சியில், சிலருக்கு மட்டும். ஊரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு உளவளத்துணை கொடுப்பது தலைகீழான வேலை.

2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை முகாமுக்குள் இருந்த பாடசாலையும் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு அனல் மின் திட்டமும் கைவிடப்பட்டது. திரும்பியவர்கள் கண்டது பற்றைக்காடு. வளவின் எல்லையைத் தேடிப் பிடித்து, துப்புரவாக்கி, கொட்டில் போட்டுத் தொடங்கினார்கள். இந்தத் திடத்தைப் போற்றிப் பேசுவோர் பலர். போற்றுதல் நல்லதுதான், ஆனால் தாங்கிக்கொள்வார்கள் என்பதற்காக ஒரு சனத்தின்மேல் சுமையைக் கூட்டிக்கொண்டே போவது அநியாயம்.

2025 ஏப்ரலில் சம்பூர் சூரியமின் திட்டத்துக்கு அடிக்கல் நடப்பட்டது. ஜூலையில் அதே சம்பூரில், கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் திருகோணமலை மாவட்டத்தில் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த எலும்புகள் யாருடையவை என்பதை அரசு அறிந்து சொல்ல வேண்டும். இனிச் சம்பூருக்கு எந்தத் திட்டம் வந்தாலும், அங்குள்ள சனத்தை முதலில் கேட்டுவிட்டு வரட்டும்.