தென்மேற்கு மூலையிலிருந்து எண்ணி நடந்து

திருவண்ணாமலை என்றதும் கிரிவலமும் தீபமும்தான் நினைவுக்கு வரும். ஊரைத் தாண்டிக் கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டுப் பக்கம் போனால் நெல்லும் மல்லாட்டையும் கரும்பும்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டத்திலும் நெல் விளையும் மாவட்டம் இது. அறுவடை நேரத்தில் ஏதாவதொரு வயலில் முளைக்குச்சி, கயிறு, டேப்பு, தராசு சகிதம் சிலர் இறங்கி நிற்பார்கள். அங்கே நடப்பது பயிர் அறுவடைப் பரிசோதனை. புள்ளியியல் படித்தால் என்ன வேலை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த வயலைத்தான்.

ஒரு மாவட்டத்தின் நெல் முழுவதையும் எடை போட முடியாது. அதனால் சில கிராமங்கள், அவற்றில் சில சர்வே எண்கள், அவற்றில் ஒரு வயல் என்று சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். வயலுக்குள்ளும் அதே கண்டிப்பு உண்டு. தென்மேற்கு மூலையில் நின்று நீள அகலத்தைக் காலடியால் அளக்க வேண்டும். சமவாய்ப்பு எண் எத்தனை அடி சொல்கிறதோ அத்தனை அடி நடந்து முதல் முளையை அடிக்க வேண்டும். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்ட வேண்டும். பயிரின் தூர் கயிற்றுக்கு உள்ளே இருந்தால் அது சேர்த்தி. தூர் வெளியே இருந்து கதிர் மட்டும் உள்ளே சாய்ந்திருந்தால் சேர்த்தியில்லை. பிறகு அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. 10 கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ. தராசில் கால் கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 100 கிலோ பிசகும். ஈரநெல் காய்ந்தால் குறையும் எடைக்கும் தனியாகக் கழிவு உண்டு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? இடத்தை ஆளே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் கண் தானாகவே செழித்த பயிர்மேல் போய் நிற்கும். சேற்றில் தூரம் நடக்க யோசிப்பவர் வரப்போரத்திலேயே முளையடித்துவிடுவார். எண் சொன்ன இடத்தில் பயிர் படுத்துக் கிடந்தாலும் அங்கேதான் அறுக்க வேண்டும். இடத்தை மாற்றினால் பரிசோதனையே வீண்.

சதுரத்தின் அளவுக்கும் ஒரு கதை உண்டு. 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் வங்காளத்தில் சிறிய துண்டு நிலங்களை அறுத்து விளைச்சலை மதிப்பிட்டார். சிறிய துண்டுகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டுகின்றன என்று 1940-களில் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே எடுத்துக்காட்டினார். துண்டு சிறுக்கச் சிறுக்க, பரப்பைவிட ஓரத்தின் பங்கு கூடுகிறது. ஓரத்துப் பயிர் உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் கை அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் கணக்கு ஒரே பக்கமாகச் சாய்கிறது. இந்தச் சாய்வைப் பிடிப்பதுதான் புள்ளியியலாளரின் தலையாய வேலை என்பேன். கூட்டல், சராசரியையெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கில் விவசாயியின் பணம் இருக்கிறது. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட கிராமத்தின் அல்லது பிர்காவின் சராசரி மகசூல் உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால், குறைந்த விகிதத்துக்கு ஏற்ப இழப்பீடு கிடைக்கும். அந்தச் சராசரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில சதுரங்களிலிருந்து வருவது. ஒரு முளையை நகர்த்தினால், அந்த வயலையே பார்த்திராத பக்கத்துக் குடும்பத்துக்கும் நட்டம்.

வயலுக்கு வெளியேயும் இதே கொள்கைதான். 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில், யாருக்கு வீட்டில் வைத்தே சிகிச்சை, யாரைச் சானடோரியத்தில் சேர்ப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. சமவாய்ப்பு முறை முடிவு செய்தது. மருத்துவரிடம் விட்டிருந்தால், நோய் முற்றியவர்களைத்தான் சானடோரியத்துக்கு அனுப்பத் தோன்றியிருக்கும், ஒப்பிடவே வழியிருந்திருக்காது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தரும் என்று 1959-ல் வெளியான முடிவு காட்டியது. உலகெங்கும் காசநோயாளிகள் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடந்த வழக்கம் ஒழிய இந்த ஆய்வு பெரிய காரணம்.

வேலைக்கு வருவோம். மாநில அரசின் பொருளியல், புள்ளியியல் துறையில் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் போன்ற பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. மத்திய அரசில் இந்தியப் புள்ளியியல் பணிக்கு யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு வைக்கிறது. மருந்து நிறுவனங்கள், காப்பீடு, வங்கி, தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு என்று தனியார் துறையிலும் இடம் உண்டு. பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்கள் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். நுழைவுத் தேர்வையும் எழுதலாம். சென்னையிலேயே மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் புள்ளியியல் துறைகள் உண்டு. மாநிலக் கல்லூரியில் 1959-ல் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்த ஸ்ரீனிவாச வரதன், தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போகும் எண்ணத்தோடுதான் கொல்கத்தாவுக்கு ரயிலேறினார். அங்கே நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு மாறினார். 2007-ல் ஏபெல் பரிசு பெற்றார்.