ஒலிநாடா யாருக்குச் சொந்தம்?

காற்றோடு கலந்து மறையும் இசையைப் பிடித்து வைக்கும் ஆற்றலை விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்தது. கூடவே ஒரு வழக்கையும் அளித்தது. பிடித்து வைத்த இசை யாருக்குச் சொந்தம்? பாடியவருக்கா, பதிவு செய்தவருக்கா? 1962-இல் தொடங்கி 1998-இல் முடிந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

1962 டிசம்பர் இறுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஸ்டார் கிளப் என்னும் கேளிக்கை விடுதியில் லிவர்பூல் இளைஞர் நால்வர் பாடினர். அவர்களே பீட்டில்ஸ் குழுவினர். அவர்களுள் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்போது வயது 19. உலகப் புகழ் இன்னும் வந்து சேரவில்லை. ஒரே ஒரு மைக்கை வைத்து, வீட்டு உபயோக டேப் ரிக்கார்டரில் அவர்கள் பாட்டு பதிவாயிற்று. நாடாவின் வேகம் விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குலம். ஒலிப்பதிவுக் கூடங்களிலோ 15 அங்குலம் வழக்கம். வேகம் குறைந்தால் உயர் அதிர்வெண் ஒலிகள் மங்கும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்ததே.

அந்த நாடா 1977-இல் இசைத்தட்டாக வெளிவந்தது. பீட்டில்ஸ் தரப்பு நீதிமன்றத்தில் தடை கேட்டது, கிடைக்கவில்லை. விற்பனை தொடர்ந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாட்டை இயற்றியவரின் உரிமை வேறு. அதை மேடையில் நிகழ்த்தியவரின் உரிமை வேறு. அன்று அவர்கள் பாடியவை பெரும்பாலும் பிறர் இயற்றியவை. ஆகவே, "எங்கள் நிகழ்ச்சியை எங்கள் சம்மதமின்றி விற்கலாகாது" என்பதே அவர்களது வாதத்தின் அடித்தளம்.

"பதிவு செய்துகொள்ள ஜான் லெனன் வாய்மொழியாகச் சம்மதித்தார்" என்றது எதிர்த்தரப்பு. லெனனோ 1980-இலேயே மறைந்துவிட்டார். 1998-இல் ஹாரிசன் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நேரில் தோன்றிச் சாட்சி சொன்னார். ஒருவர் சம்மதித்திருந்தாலும் அது நால்வர் சம்மதம் ஆகுமா என்பதே கேள்வி. வழக்கு பீட்டில்ஸ் பக்கம் முடிந்தது. லிங்காசாங் நிறுவனம் விற்பனையை நிறுத்தி, மூல நாடாவையும் ஒப்படைக்க நேர்ந்தது.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் வாய்ச்சொல்லில்தான் நடக்கும். "ஆகட்டும்" என்ற ஒரு சொல் எதற்குச் சொன்னது, எதுவரை செல்லும் என்பதைச் சொன்னவர் மறைந்தபின் யார் கூறுவது? பதிவு செய்யச் சம்மதிப்பது வேறு, விற்கச் சம்மதிப்பது வேறு அன்றோ! சாக்கு என்னுடையது என்பதால் உள்ளிருக்கும் நெல்லும் என்னுடையதாகிவிடாது.

அந்த நாடா இல்லையேல் அவர்களது இளமைக்கால மேடைப் பாட்டை இந்த அளவு நாம் கேட்டிருக்க இயலாது என்பதும் உண்மையே. பதிவு செய்தவரின் உழைப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் உழைப்புக்குக் கூலி உண்டு. பிறர் குரலின் மீது உரிமை இல்லை.

நம் நாட்டிலும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்யப்பட்ட திருத்தம் நிகழ்த்துவோர் உரிமையை ஏற்றுக்கொண்டது. இன்று செல்பேசி வைத்திருப்போர் எல்லோரும் ஒலிப்பதிவாளர்களே. நண்பர்களே, கல்லூரி விழாவில் பாடும் தோழனின் பாட்டைத் தாராளமாகப் பதிவு செய்யுங்கள். வெளியிடுமுன் அவனை ஒரு வார்த்தை கேளுங்கள். குழுவாகப் பாடியிருந்தால் அனைவரையும் கேளுங்கள்.