‘கார்’ என்று சொன்னால் குற்றமா?

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றுவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி எடுத்து வைத்த நம்மில் பலருக்கும் மறக்க முடியாத ஓர் ஆங்கிலப் பாடவேளை இருக்கும். எனக்கும் ஒன்று உண்டு. படிவம் ஒன்றின் முதல் மாதம். எழுந்து நின்று ஒரு பத்தியை உரக்க வாசிக்க வேண்டும். அதில் ‘கார்’, ‘மார்க்கெட்’, ‘டாக்டர்’ ஆகிய சொற்கள் அடுத்தடுத்து வந்தன. பழகியபடியே ஒவ்வொரு சொல்லிலும் ‘ர்’ ஒலியை அழுத்தமாகச் சொல்லி வாசித்தேன். பின்வரிசையிலிருந்து சிரிப்பு எழுந்தது. நகரத்துப் பள்ளிகளிலிருந்து வந்த வகுப்புத் தோழர்கள் ‘கா’, ‘மாக்கெட்’, ‘டாக்ட’ என்று எனக்குச் சொல்லிக் காட்டினார்கள். அன்று உட்கார்ந்தவன்தான்; அந்த ஆண்டு முழுவதும் ஆங்கிலப் பாடத்தில் நானாகக் கையுயர்த்தவே இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, சென்ற பருவத்தில் மொழியியல் பாடம் ஒன்றை எடுத்தேன். என்னுடைய ‘ர்’ எங்கிருந்து வந்தது, அவர்களுடைய ‘ர்’ எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கில ஒலிகளைத் தமிழ் எழுத்தால் அப்படியே காட்ட இயலாது என்பது நாம் அறிந்ததே. ஆகவே இங்கே தரப்படும் வடிவங்களை ஏறத்தாழக் கொள்ள வேண்டுகிறேன்.

ஒரே நாட்டில் இரண்டு உச்சரிப்பு

ஆங்கிலம் பிறந்த இங்கிலாந்திலேயே அது ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. குளியலைக் குறிக்கும் சொல்லை இலண்டனில் ‘பாத்’ என்பர். வடக்கே லீட்ஸ், மான்செஸ்டர் போன்ற நகரங்களில் ‘பத்’ என்பர். கண்ணாடியைக் குறிக்கும் சொல் தெற்கில் ‘கிளாஸ்’, வடக்கில் ‘கிளஸ்’. நம் இலக்கணத்தின்படி சொன்னால் தெற்கில் நெடில், வடக்கில் குறில். நாம் ஏறிச் செல்லும் பஸ்ஸும் இந்த வேறுபாட்டிலிருந்து தப்பவில்லை. தெற்கில் அது ‘பஸ்’. வடக்கில் பலர் வாயில் ‘புஸ்’. தேநீர் குடிக்கும் ‘கப்’ அங்கே ‘குப்’ ஆகிவிடும்.

வடக்கத்தியர் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றலாம். உண்மை நேர்மாறானது. பழைய ஒலியைக் காத்து வைத்திருப்பவர்கள் அவர்களே. ‘உ’ போன்றிருந்த ஒலி ‘அ’ போல் மாறத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் தெற்கில். ‘பாத்’ என்னும் நெடிலும் தெற்கிலேயே பிற்பாடு பரவியது. வடக்கு இவ்விரண்டு மாற்றங்களையும் ஏற்கவில்லை.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1791இல் ஜான் வாக்கர் என்பவர் ஆங்கில உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். இத்தகைய சொற்களை நெடிலாக இழுத்துச் சொல்வது கொச்சைத்தனத்துக்கு நெருக்கமானது என்பது அவர் கருத்து. பிறகு 1917இல் டேனியல் ஜோன்ஸ் தம் உச்சரிப்பு அகராதியைக் கொண்டுவந்தார். தென்னிங்கிலாந்தின் வசதி படைத்த குடும்பங்களில் பிறந்து, விடுதியுடன் கூடிய உயர்தரத் தனியார் பள்ளிகளில் படித்தவர்களின் பேச்சையே அவர் மாதிரியாகக் கொண்டார். அந்த மாதிரியில் நெடில்தான் இடம்பெற்றது. ஒரு காலத்தில் கொச்சை என்று கண்டிக்கப்பட்டது, 126 ஆண்டுகளில் உலகமே பின்பற்ற வேண்டிய உச்சரிப்பாகிவிட்டது. அந்த ஒலியைச் சொன்னவர்களின் செல்வாக்குதான் அதை உயர்த்தியது.

அந்தச் செல்வாக்கு எவ்வளவு வலிமையானது என்பதற்கு இன்னொரு சான்று. 1941இல் பிபிசி வானொலியின் தேசியச் செய்தியை யார்க்ஷியர் வட்டாரத்தைச் சேர்ந்த வில்ஃபிரட் பிக்கிள்ஸ் வாசித்தார். தம் வட்டார உச்சரிப்பை அவர் மறைக்கவில்லை. கேட்டவர்களில் பலர் குறைகூறி எழுதினர். ஆங்கிலேயரின் ஆங்கிலத்தையே ஆங்கிலேயர் ஏற்க மறுத்திருக்கிறார்கள் என்றால், நம் படிவம் ஒன்று வகுப்பு எம்மாத்திரம்?

இத்தகைய வட்டாரப் பேச்சுகள் மறைந்துவிடுமோ என்று கவலைப்பட்டு அவற்றைத் தொகுத்தவர்களும் உண்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஓர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் ஆய்வு நடந்தது. கிராமத்து முதியோரிடம் 1,300க்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டுப் பதிவு செய்தார்கள். எந்த ஊரில் ‘பாத்’ முடிந்து ‘பத்’ தொடங்குகிறது என்று நிலப்படத்தில் கோடு கிழித்துக் காட்டும் அளவுக்குத் தரவுகள் சேர்ந்தன.

‘ர்’ உயர்ந்த நகரமும் தாழ்ந்த நகரமும்

இனி என் ‘ர்’ கதைக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ர்’ எழுதப்பட்ட இடங்களிலெல்லாம் முன்பு ஒலிக்கவும் பட்டது. சொல்லின் இறுதியிலும் மெய்யெழுத்துக்கு முன்பும் அதை விட்டுவிடும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டில் இலண்டனிலும் அதைச் சுற்றியும் வேரூன்றியது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் ‘ர்’ நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் அது ஒலிக்கிறது. அங்கே பாஸ்டன், நியூயார்க், தென்மாநிலங்களின் கரையோரம் ஆகியவற்றில் மட்டும் ‘ர்’ விடப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் உரைப்பதிவுகளைக் கேட்டால் இதை உணரலாம். அன்று ‘ர்’ இல்லாத பேச்சுதான் அங்கே மேட்டுக்குடியின் அடையாளம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று திசைமாறியது. 1962இல் வில்லியம் லபோவ் என்னும் ஆய்வாளர் நியூயார்க்கில் மூன்று பேரங்காடிகளுக்குச் சென்றார். ஒன்று மிக விலையுயர்ந்தது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவானது. நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி விற்பனையாளர்களிடம் விசாரித்தார். ‘நான்காம் மாடி’ என்பதற்கான ஆங்கிலத் தொடரில் இரண்டு ‘ர்’ உண்டு. அவர்கள் சொன்னதும் காதில் விழாததுபோல் நடித்து மறுமுறை சொல்ல வைத்தார். விலையுயர்ந்த கடையில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் ‘ர்’ ஒலித்தனர். நடுத்தரக் கடையில் பாதிப் பேர். மலிவுக் கடையில் ஐந்தில் ஒருவரே.

சிந்தித்துப் பாருங்கள். இலண்டனில் ‘ர்’ விட்டால் உயர்வு. நியூயார்க்கில் ‘ர்’ சொன்னால் உயர்வு. ஒலி ஒன்றே, மதிப்பு மட்டும் தலைகீழ். ‘கார்’ என்று சொன்ன என்னைப் பார்த்துச் சிரித்த வகுப்பு நியூயார்க்கில் இருந்திருந்தால், ‘கா’ என்று சொன்னவனைப் பார்த்துத்தான் சிரித்திருக்கும்.

நம் நாட்டுக்கு வந்த ஆங்கிலம்

மலாயாவுக்கு ஆங்கிலம் பிரிட்டிஷ் ஆட்சியோடு வந்தது. பினாங்கு ஃபிரீ பள்ளி 1816இல் தொடங்கப்பட்டது. பின்னர் எழுந்த ஆங்கிலப் பள்ளிகளில் இங்கிலாந்துக்காரர்களோடு அயர்லாந்துத் துறவியரும், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த ஆசிரியர்களும் கற்பித்தனர். இத்தனை நாவுகள் கலந்த இடத்தில் ஒரே உச்சரிப்பை எதிர்பார்க்க முடியுமா? இங்கே ‘ர்’ விடும் பிரிட்டிஷ் வழக்கம் நகரங்களில் நிலைத்தது. தமிழ்ப்பள்ளி மாணவர்களோ இச்சொற்களை முதலில் தமிழ் எழுத்தில் சந்தித்தோம். கார், டாக்டர், மோட்டார் என்று எழுத்தில் இருந்த ‘ர்’ நாவிலும் தங்கிவிட்டது.

எட்டாவது ஆங்கில எழுத்தைப் பாருங்கள். அகராதி ‘ஏச்’ என்கிறது. நம் நாட்டில் பலரும் ‘ஹேச்’ என்கிறோம். அயர்லாந்திலும் ‘ஹேச்’தான். வட அயர்லாந்தில் கத்தோலிக்கர் ‘ஹேச்’ என்றும் புராட்டஸ்டண்டினர் ‘ஏச்’ என்றும் சொல்வது வழக்கம். அங்கே கலவரம் நடந்த ஆண்டுகளில் ஓர் எழுத்தின் பெயரைச் சொன்னாலே ஒருவர் எந்தப் பிரிவினர் என்று ஊகித்துவிடுவார்கள்.

திரைப்படத்தைக் குறிக்கும் சொல் எனக்கு இன்னொரு பாடம் கற்பித்தது. கடந்த ஆண்டு புதிய மாணவர் அறிமுக நாளில், தோட்டப்புறத்திலிருந்து வந்த தம்பி ஒருவன் ஆங்கிலத்தில் பேசும்போது ‘பிலிம்’ என்றான். ஏற்பாட்டுக் குழுவினர் சிரித்தோம். ஆம், நானும் சிரித்தேன். அதன்பின் அவன் பேசியது குறைந்துபோனது. ‘ல்’, ‘ம்’ ஆகிய இரு மெய்களைச் சேர்த்துச் சொல்வது பல மொழியினருக்கும் கடினம். இடையில் ஓர் உயிரைச் செருகி மலாய்மொழி ‘ஃபிலெம்’ என்று எழுதுகிறது. அயர்லாந்தின் ஆங்கிலேயப் பேச்சிலும் ‘ஃபிலம்’ உண்டு. தம்பி செய்தது உலகில் பலரும் செய்வதுதான் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

எதைத் திருத்துவது?

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. முவெட் பேச்சுத் தேர்வும் வேலை நேர்முகத் தேர்வும் நமக்குக் காத்திருக்கின்றன. நாம் கேட்க வேண்டிய கேள்வி, எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா என்பதே. 2000ஆம் ஆண்டில் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்னும் ஆய்வாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எந்தெந்த ஒலிகள் தவறினால் புரியாமல் போகிறது என்று ஆராய்ந்து நூல் எழுதினார். அவருடைய முடிவுகளில் நமக்குப் பயன்படும் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, குறிலும் நெடிலும் வேறுபட வேண்டும். கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ இரண்டும் நம் நாட்டில் பலர் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. கல், கால் என்று சிறுவயதிலேயே பிரித்தறிந்த தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இது இயல்பாகவே வரும். நம் தாய்மொழி தந்த இந்தச் சொத்தைப் பயன்படுத்துவோம்.

இரண்டாவது, சொல்லின் முதலில் வரும் வல்லினம். தமிழில் ஒரே ‘ப’கரம், ஒரே ‘க’கரம். ஆங்கிலத்தில் பன்றியும் ‘பெரிய’ என்ற சொல்லும் அந்த முதல் ஒலியால்தான் வேறுபடுகின்றன. மேலங்கியும் வெள்ளாடும் அப்படியே. உதட்டுக்கு முன் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பன்றிக்கான சொல்லைச் சொல்லும்போது தாள் அசைய வேண்டும். ‘பெரிய’ என்பதற்கான சொல்லுக்கு அது அவ்வளவாக அசையக்கூடாது.

மூன்றாவது, வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துவது என்பது. “நான் நாளைதான் வருவேன்”, “நான்தான் நாளை வருவேன்” என்று தமிழில் ‘தான்’ சேர்த்துப் பொருளை மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையைக் குரலின் அழுத்தமே செய்கிறது. எந்தச் சொல்லில் ‘தான்’ சேர்ப்பீர்களோ அந்தச் சொல்லை அழுத்திச் சொன்னால் போதும்.

இவற்றைத் தவிர மற்ற பலவற்றில் ஜென்கின்ஸ் தாராளமாகவே இருக்கிறார். மூன்றைக் குறிக்கும் ‘த்ரீ’யை ‘ட்ரீ’ என்பதால் பெரிய குழப்பம் நேர்வதில்லை என்கிறார். ‘ர்’ பற்றி அவர் சொல்வது என்ன தெரியுமா? எழுத்தில் இருப்பதை ஒலிப்பதே கற்பவருக்கு எளிது, ஆகவே ‘ர்’ சொல்வதையே பின்பற்றலாம் என்கிறார்! அந்தப் பக்கத்தை வாசித்தபோது, படிவம் ஒன்றில் உட்கார்ந்துவிட்ட அந்தப் பையனை எழுப்பிவிட வேண்டும் போலிருந்தது.

நண்பர்களே, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த தம்பி தங்கையர் ஒவ்வோர் ஆண்டும் நம் பல்கலைக்கழக வாயிலுக்குள் நுழைகிறார்கள். விரிவுரை வகுப்பில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்களில் பலர் என்றோ ஒருநாள் ஒரு சிரிப்பைக் கேட்டவர்கள். ‘பிலிம்’ என்ற அந்தத் தம்பியை அண்மையில் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லண்ணே, மறந்துட்டேன்” என்றான். அவன் மறந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அடுத்த பருவத்தில் அவன் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு படைப்பு செய்ய வேண்டுமாம். இப்போது வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து பயிற்சி செய்கிறோம். அவனுடைய ‘ர்’ ஒலியில் மட்டும் நான் கைவைப்பதில்லை.