நண்பன் நீட்டும் மாத்திரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் தேர்வு நெருங்கினால் ஆடரால் மாத்திரைக்குக் கிராக்கி ஏறிவிடுகிறது. கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை அது. அந்தக் குறைபாடு இல்லாத மாணவர்கள் இரவெல்லாம் கண்விழித்துப் படிக்க அதை விழுங்குகிறார்கள். பழக்கம் புதிதல்ல, 1937-லேயே மின்னசோட்டா மாணவர்கள் பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தை விழுங்கிப் படித்தது செய்தியாகி, மருத்துவ இதழ் எச்சரிக்கும் அளவுக்குப் போனது. இதைக் குறுக்குவழி என்று கண்டிப்பவர்களும், போட்டி உலகில் இதெல்லாம் சகஜம் என்பவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: மாத்திரை போட்டால் மதிப்பெண் கூடும் என்று இரு தரப்பும் நம்புகின்றன. அந்த நம்பிக்கைக்குத்தான் ஆதாரம் இல்லை.

2001-ல் 119 கல்லூரிகளில் சுமார் 10,900 மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டில் இவ்வகை மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுத்ததாக 4.1 சதவீதம் பேர் சொன்னார்கள். நுழைவுப் போட்டி கடுமையான கல்லூரிகளில் பழக்கம் அதிகம். ஆனால் மதிப்பெண் குறைந்தவர்களிடமே அதிகம். பின்தங்கியவர்கள்தானே மருந்தைத் தேடுவார்கள், அதற்காக மருந்தைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒரே மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியான ஆய்வு முக்கியமாகிறது. மாத்திரை எடுத்தவர்களின் மதிப்பெண் உயரவில்லை. தொடாதவர்களின் சராசரிதான் சற்றே ஏறியது. 2023-ல் வெளியான இன்னொரு சோதனையில், ஆரோக்கியமான 40 பேருக்கு இவ்வகை மருந்துகளைக் கொடுத்துச் சிக்கலான கணக்குகளைப் போடச் சொன்னார்கள். அதிக நேரம் எடுத்து, அதிக முயற்சியோடு போட்டார்கள். விடையின் தரமோ குறைந்தது.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் மருந்தை மெச்சுகிறார்கள்? மூளையில் டோபமின், நார்அட்ரினலின் அளவை இது உயர்த்துகிறது. சலிப்பான பாடமும் சுவாரஸ்யமாகத் தெரியும், தூக்கம் பறந்துவிடும், பிரமாதமாகப் படித்தோம் என்ற திருப்தி வரும். 2013-ல் வெளியான ஒரு சோதனையில் இது பளிச்சென்று தெரிந்தது: 46 பேரின் செயல்திறனில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை, ஆனால் மருந்தால் நன்றாகச் செய்தோம் என்று அவர்கள் நம்பினார்கள். படித்தது மனதில் தங்குவதற்குத் தூக்கம் வேண்டும். அந்தத் தூக்கத்தைத்தான் மாத்திரை பறிக்கிறது. வயது வந்தவர்கள் பொறுப்போடு பயன்படுத்தினால் தடுக்க வேண்டியதில்லை என்று 2008-ல் சில அறிஞர்கள் வாதிட்டார்கள். பலனே சந்தேகத்தில் இருக்கும்போது உரிமையைப் பற்றிய அந்த வாதம் அவசரமானது.

இவற்றையெல்லாம்விடக் கவலைப்பட வேண்டியது மாத்திரை எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான். கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுவது ஒரே பதிலை: சீட்டு வைத்திருக்கும் நண்பன். பல சமயம் இலவசம். 1971 முதல் அமெரிக்கச் சட்டம் இவ்வகை மருந்தைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் கோகெய்ன் இருக்கும் இரண்டாம் பட்டியலிலேயே வைத்திருக்கிறது, கைமாற்றுவது குற்றம். விடுதி அறையில் அது நட்பாகத் தெரிகிறது. மருத்துவர் ரத்த அழுத்தம் பார்ப்பார், இதயக் கோளாறு உண்டா என்று கேட்பார், நண்பன் கேட்கமாட்டான். நண்பனிடம் மாத்திரை தீர்ந்துபோனால் அடுத்த கை முன்பின் தெரியாதவனுடையது. 2022 மே மாதம் ஒஹாயோவில் இரு மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் ஆடரால் என்று நம்பிய போலி மாத்திரையில் ஃபென்டானில் என்ற கொடிய போதை மருந்து இருந்தது. பார்வைக்கு அசலும் போலியும் ஒன்றுபோலவே இருக்கும். நண்பனிடம் வாங்கிப் பழகியவனுக்கு மாத்திரையைச் சந்தேகிக்கும் பழக்கமே வருவதில்லை.

சீட்டு எழுதுவதை இறுக்கிவிட்டால் போதும் என்பது எளிய யோசனை. ஆனால் மருந்து கிடைப்பது குறைந்தால் தவிப்பது நோயாளிகள்தான்: 2022 அக்டோபரில் ஆடரால் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்டபோது உண்மையான நோயாளிகள் மருந்துக் கடை கடையாக அலைந்தார்கள். அதனால் கைவைக்க வேண்டியது நம்பிக்கையில். இந்த மாத்திரை நேர்மையற்றது என்று சொன்னால் போட்டியில் திணறும் மாணவன் காதில் ஏறாது; மதிப்பெண் தராது என்று சொன்னால் ஏறும். புதிய மாணவர்களுக்கான முதல் வார வகுப்பிலேயே பல்கலைக்கழகங்கள் அதைச் சொல்ல வேண்டும். சீட்டு வைத்திருப்பவனுக்கும், கேட்பவனிடம் மறுத்துவிட அதுவே நல்ல காரணமாக அமையும்.