உங்களுக்குத் தெரியுமா? கடைசி மேட்ச் கிடைத்தவர்களும், கிடைக்காமலே போனவர்களும்!

கடலூர்க்காரர்களே, சிதம்பரத்துக்காரர்களே, முதல் சேதி உங்களுக்குத்தான்! சேப்பாக்கம் ஸ்டேடியத்தின் முழுப்பெயர் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம். யார் அந்த எம்.ஏ.சிதம்பரம்? 1929-ல் உங்கள் ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவினாரே ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், அவருடைய மகன்! 1960-களின் தொடக்கத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கே தலைவராக இருந்தவர்!

அந்த மைதானத்தில்தான் தோனி தன் முதல் டெஸ்ட்டை ஆடினார். 2005 டிசம்பர், இலங்கைக்கு எதிராக. டெஸ்ட்டில் அவருடைய அதிகபட்ச ஸ்கோரும் அங்கேதான் வந்தது. 2013, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 224!

அதே மேட்சில் 12 விக்கெட் எடுத்தவர் யார்? நம்ம அஷ்வின்!

சரி, இந்த இருவருக்கும் சேப்பாக்கத்தில் நடந்த விடைபெறும் சர்வதேச மேட்ச்கள் எத்தனை? பூஜ்யம்!

தோனி முதல் சர்வதேச மேட்சில் எப்படி அவுட் ஆனார்? 2004 டிசம்பர் 23, சிட்டகாங். முதல் பந்திலேயே ரன் அவுட்! கடைசி மேட்சில்? 2019 ஜூலை 10, மான்செஸ்டர், உலகக் கோப்பை அரையிறுதி. அதுவும் ரன் அவுட்! முதலில் 0, கடைசியில் 50. நடுவில் ஒருநாள் போட்டிகளில் மட்டும் 10,773 ரன்கள்!

அதுதான் கடைசி மேட்ச் என்று அன்றைக்கு யாருக்குமே தெரியாது! ரசிகர்கள் காத்திருந்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. 402 நாட்கள்!

2020 ஆகஸ்ட் 15. இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ. 19:29 மணியிலிருந்து நான் ஓய்வு பெற்றதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரி! மைதானம் இல்லை, கைதட்டல் இல்லை. 90 டெஸ்ட், 350 ஒருநாள், 98 டி20 ஆடிய மனிதருக்கு வழியனுப்பு விழா ஒரு செல்போன் திரையில் முடிந்தது!

சில நிமிடங்களில் சுரேஷ் ரெய்னாவும் ஓய்வை அறிவித்தார். 'தல'யும் 'சின்ன தல'யும் ஒரே மாலையில் அவுட்!

அன்றைக்கே ஜார்கண்ட் முதலமைச்சர் ஹேமந்த் சோரன் வாரியத்திடம் வேண்டுகோள் வைத்தார். தோனிக்கு ராஞ்சியில் ஒரு விடைபெறும் மேட்ச் வேண்டும், ஏற்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். ஒரு மாநில முதலமைச்சரே கேட்டும் நடக்கவில்லை!

இர்ஃபான் பதான் ஒரு படி மேலே போனார். விடைபெறும் மேட்ச் கிடைக்காத 11 பேரை வைத்து ஒரு அணியே போட்டுவிட்டார்! கம்பீர், சேவாக், திராவிட், லக்ஷ்மண், யுவராஜ், ரெய்னா, தோனி, இர்ஃபான், அகார்கர், ஜாகீர், ஓஜா. இந்த அணி இப்போதைய இந்திய அணியோடு மோதட்டுமே என்றார். இதைவிட நல்ல யோசனையை நான் இதுவரை கேட்டதில்லை! பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். 2011 உலகக் கோப்பையை வென்ற அணியிலிருந்து மட்டும் ஆறு பேர்!

கடலூர் மாவட்டம் என்ன செய்தது தெரியுமா? தோனி ஓய்வு பெற்ற இரண்டே மாதத்தில் இங்கே ஒரு கிராமத்து ரசிகர் தன் வீடு முழுக்க, தோனியின் ஐ.பி.எல் அணியின் நிறமான மஞ்சள் பெயின்ட் அடித்தார்! சுவரெல்லாம் தோனி படம். செலவு சுமார் ஒன்றரை லட்ச ரூபாய்! நாடே திரும்பிப் பார்த்தது. தோனியே அந்த வீட்டைப் பற்றி நெகிழ்ந்து பேசினார். வாரியம் தராத மரியாதையை நம்ம மாவட்டம் தந்தது, மார்தட்டிச் சொல்லலாம்!

தோனி சேப்பாக்கத்தில் கடைசியாக ஆடிய சர்வதேச மேட்ச் எது? 2017 செப்டம்பர், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டி. அடித்தது 79. அதற்குப் பிறகு அங்கே நாம் பார்த்ததெல்லாம் மஞ்சள் சட்டை மட்டும்தான். நீலச் சட்டை இல்லை!

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. மற்றவர்களை அழகாக வழியனுப்பி வைத்தவரே தோனிதான்! 2008 நவம்பர், நாக்பூர், கங்குலியின் கடைசி டெஸ்ட். ஆட்டம் முடியும் நேரத்தில் கேப்டன் தோனி, கங்குலியிடம் போய், சில ஓவர்களுக்கு நீங்களே அணியை நடத்துங்கள் என்று பொறுப்பையே கொடுத்துவிட்டார்!

அந்த டெஸ்ட்டில் கங்குலி முதல் இன்னிங்ஸில் 85. இரண்டாவதில் முதல் பந்திலேயே அவுட்!

விடைபெறும் மேட்ச் என்றால் சச்சினுடையதுதான் மேட்ச்! 2013 நவம்பர், வான்கடே. 200-வது டெஸ்ட். அடித்தது 74. மகன் ஆடுவதை மைதானத்துக்கே வந்து அவர் அம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை! மேட்ச் மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. சில மணி நேரத்தில் பாரத ரத்னா அறிவிப்பு!

ஆனால் அதே சச்சினுக்கு ஒருநாள் போட்டியில் விடைபெறும் மேட்ச் கிடையாது! 2012 மார்ச்சில் ஆடியதுதான் கடைசி. டிசம்பரில் ஓர் அறிக்கை. அவ்வளவுதான்!

சேப்பாக்கத்தில் 319 அடித்த சேவாக்? 2013 மார்ச்சில் கடைசி டெஸ்ட். பிறகு அணியில் இடமே இல்லை. 2015 அக்டோபர் 20, தன் 37-வது பிறந்தநாளில் தானே ஓய்வை அறிவித்துக்கொண்டார்!

திராவிட்? 13,288 டெஸ்ட் ரன்கள். முடிந்தது ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில்!

லக்ஷ்மண் கதை இன்னும் விசேஷம்! 2012-ல் நியூஸிலாந்து தொடருக்கு அவரை எடுத்துவிட்டார்கள். முதல் டெஸ்ட் எங்கே? அவருடைய சொந்த ஊர் ஹைதராபாத்தில்! மேட்சுக்கு ஐந்து நாள் முன்னால் ஓய்வை அறிவித்துவிட்டுப் போய்விட்டார். தங்கத்தட்டில் வந்த விடைபெறும் மேட்சையே வேண்டாம் என்ற மனிதர்!

யுவராஜ் சிங் அதைவிட ரோஷக்காரர். யோ-யோ டெஸ்ட்டில் தேறாவிட்டால் உங்களுக்கு ஒரு விடைபெறும் மேட்ச் தருகிறோம் என்றார்களாம். தேறாவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போகிறேன், அப்படி ஒரு மேட்ச் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்!

ஆசிஷ் நெஹ்ராவுக்கு? ராஜ மரியாதை! 2017 நவம்பர் 1, டெல்லி. சொந்த மைதானம். பந்து வீசும் முனைக்கே அவர் பெயர். தன் பெயர் சூட்டிய முனையிலிருந்தே கடைசி ஓவரை வீசினார்! நெஹ்ராவுக்குக் கிடைத்தது தோனிக்கு ஏன் கிடைக்கவில்லை? நெஹ்ரா மேல் எனக்குப் பொறாமை இல்லை. கேள்வி வாரியத்துக்கு!

இனி ஒரு தமிழன் கதை. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! 2010 ஜூலை, காலே மைதானம். எதிரே இந்தியா. முரளிதரன் தொடருக்கு முன்பே சொல்லிவிட்டார், இந்த ஒரு டெஸ்ட்டோடு விடைபெறுகிறேன் என்று. கையில் இருந்தது 792 விக்கெட். 800-க்கு இன்னும் 8 வேண்டும்! முதல் இன்னிங்ஸில் 5 எடுத்தார். இரண்டாவதில் 2 வந்து 799-ல் நின்றது. லக்ஷ்மண் ரன் அவுட் ஆகித் தொலைத்தார். மிச்சம் ஒரே ஒரு விக்கெட்! அதை வேறு யாராவது எடுத்துவிட்டால் 799-தான். கடைசி ஜோடி இஷாந்தும் ஓஜாவும் அசையவே மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஓஜா, ஜெயவர்தனே கையில் கேட்ச். 800! டெஸ்ட்டில் முரளி வீசிய கடைசிப் பந்தே அதுதான்!

தொடர் நாயகன் விருதுகளில் முரளியின் 11-ஐ டெஸ்ட்டில் சமன் செய்த ஒரே ஆள் யார்? இன்னொரு தமிழன், அஷ்வின்!

சங்கக்காராவின் கடைசித் தொடரில் அவர் ஆடியது நான்கு இன்னிங்ஸ். நான்கிலும் அவரை அவுட் ஆக்கியவர் அஷ்வின்!

அந்த அஷ்வின் எப்படி விடைபெற்றார்? 2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன். அந்த மேட்சில் அவர் ஆடவே இல்லை! தொடர் பாதியில் இருக்கும்போதே, 537 விக்கெட்டோடு, ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் சொல்லிவிட்டு மறுநாளே சென்னை வந்துவிட்டார்!

அதற்கு 87 நாட்கள் முன்னால்தான் சேப்பாக்கத்தில் வங்கதேசத்தைப் புரட்டி எடுத்தார். 113 ரன்கள், 6 விக்கெட், ஆட்ட நாயகன்! கேலரியில் இருந்த ஒருவருக்காவது அதுதான் சேப்பாக்கத்தில் அவருடைய கடைசி டெஸ்ட் என்று தெரியுமா? தெரிந்திருந்தால் மைதானம் என்னவாகியிருக்கும்!

விடைபெறுவதற்காக மட்டும் எனக்கு அணியில் ஓர் இடம் தந்தால் அது தப்பு, அப்படி ஆட மாட்டேன் என்று அஷ்வின் பிறகு விளக்கினார். மறுக்க முடியாத வாதம். ஓர் இளைஞனின் இடத்தைப் பிடுங்கி மூத்தவருக்கு மாலை போடக் கூடாதுதான். ஆனால் இடத்தைப் பிடுங்காமலே செய்யலாமே! தனியாக ஒரு மேட்ச் போடுங்கள்!

கடைசி டெஸ்ட்டில் எத்தனை பேர் வெளுத்து வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள்! விஜய் மெர்ச்சன்ட், 40 வயதில், 1951-ல் டெல்லியில் 154!

மெக்கல்லம், 2016-ல் 54 பந்தில் சதம். டெஸ்ட் வரலாற்றிலேயே வேகமான சதம்!

அலஸ்டர் குக், 2006-ல் முதல் டெஸ்ட்டில் சதம், 2018-ல் கடைசி டெஸ்ட்டில் சதம். இரண்டும் இந்தியாவுக்கு எதிராக!

ஜேசன் கில்லெஸ்பி, பந்துவீச்சாளர். இரவுக்காவலாளியாக இறங்கி 201 நாட் அவுட். அன்று அவருக்குப் பிறந்தநாள். அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை!

1930, கிங்ஸ்டன். இங்கிலாந்தின் ஆண்டி சாண்டம், கடைசி டெஸ்ட்டில் 325. டெஸ்ட் வரலாற்றின் முதல் முச்சதம்! அதே அணியில் வில்ஃப்ரெட் ரோட்ஸுக்கும் அதுதான் கடைசி டெஸ்ட். வயது 52! தோனிக்கு வயதாகிவிட்டது என்பவர்கள் எங்கே?

ஸ்டூவர்ட் பிராட், 2023. பேட்டிங்கில் சந்தித்த கடைசிப் பந்து சிக்ஸர். வீசிய கடைசிப் பந்தில் விக்கெட்!

பிராட்மேன், 1948. சராசரி 100 ஆக நான்கே ரன்கள் போதும். இரண்டாவது பந்தில் டக் அவுட். 99.94!

பெண்களை மறந்தால் எப்படி? ஜூலன் கோஸ்வாமி, 2022 செப்டம்பர், லார்ட்ஸ், கடைசி மேட்ச். டாஸ் போட கேப்டன் ஹர்மன்பிரீத் அவரையும் கூடவே அழைத்துப் போனார்!

தமிழ்க் குடும்பத்துப் பெண் மிதாலி ராஜ்? அறிமுக ஒருநாள் போட்டியிலேயே 114 நாட் அவுட். 23 வருட ஆட்டம். 7,805 ஒருநாள் ரன்கள். விடைபெறும் மேட்ச் இல்லை. சமூக ஊடகத்தில் ஒரு அறிவிப்பு! இதற்கு ஒருவரும் கொடி பிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

2025 மே மாதம். டெஸ்ட்டிலிருந்து ரோஹித் போன ஐந்தாம் நாள் கோலி. இருவருமே இன்ஸ்டாகிராமில்! கோலிக்கு 10,000 டெஸ்ட் ரன்களுக்கு இன்னும் 770 பாக்கி!

2021 நவம்பரில் சென்னையில் தோனி ஒன்று சொன்னார். என் கடைசி டி20 சென்னையில்தான் இருக்கும் என்று நம்புகிறேன், அது அடுத்த வருடமா, ஐந்து வருடம் கழித்தா தெரியாது என்றார். 2025 ஏப்ரலில், 43 வயதில், ஐ.பி.எல்லில் ஆட்ட நாயகன் விருது வாங்கினார். அந்த விருதை வாங்கிய மிக மூத்த வீரர் அவர்தான்!

தோனியின் 7-ம் எண் சட்டையை இனி எந்த இந்திய வீரருக்கும் தருவதில்லை என்று வாரியம் முடிவெடுத்துவிட்டது. சட்டைக்கு விடை கொடுத்தீர்கள், ஐயா. அதைப் போட்ட மனிதருக்கு?

வாரியமே, தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமே! ஒரே ஒரு மேட்ச், சேப்பாக்கத்தில். ஒரு பக்கம் இந்திய அணி. மறுபக்கம் தோனி, அஷ்வின், ரெய்னா, யுவராஜ், சேவாக். மிதாலிக்கு மைதானத்தின் நடுவில் ஒரு மரியாதை. தேதியை மட்டும் சொல்லுங்கள். சோழன் எக்ஸ்பிரஸ் சிதம்பரத்திலும் நிற்கும், திருப்பாதிரிப்புலியூரிலும் நிற்கும். நாங்கள் வந்துவிடுகிறோம்!