ஈட்டிகள் நிரைத்த மலை

தென்னாப்பிரிக்கா என்றதும் பொன்னும் வைரமும் விளையும் சுரங்கங்களும், காந்தியடிகள் அறப்போர் நடத்திய களங்களுமே நம் நினைவில் முதலில் தோன்றுகின்றன. அந்நாட்டின் கிழக்கே, இந்துமாக்கடற் கரையினின்று உள்நோக்கிச் சென்றால், வானை மறித்து நிற்கும் பெருமலைத் தொடர் ஒன்று உண்டு என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே. இயற்கை வனப்பையும் பண்டை மக்களின் கைவண்ணத்தையும் ஒருங்கே காத்து நிற்கும் அம்மலைப் பூங்காவைக் குறித்து இங்குச் சிறிது காண்போம்.

டச்சுக் குடியேறிகளின் வழிவந்தோர் அம்மலைக்கு இட்ட பெயர் டிராக்கன்ஸ்பெர்க். பறவை நாகத்தின் மலை என்பது அதன் பொருள். அங்கு நெடுங்காலமாக வாழும் சூலு மக்களோ அதனை உக்கஹ்லாம்பா என்பர். நிரைத்து நிறுத்திய ஈட்டிகளின் அரண் என்பது கருத்து. கூரிய சிகரங்கள் ஒன்றையொன்று அடுத்து நிற்கும் காட்சியைக் கண்டோர் இப்பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வர். குவாசூலு-நேட்டால் மாகாணத்துக்கும் லெசோத்தோ என்னும் மலைநாட்டுக்கும் இடையே அமைந்த இப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2,43,000 ஹெக்டேர். 2000-ஆம் ஆண்டில் இது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது. 2013-இல் லெசோத்தோவின் செஹ்லபதேபே தேசியப் பூங்காவும் இதனோடு சேர்க்கப்பெற்று, இரு நாடுகளுக்கும் பொதுவான செல்வமாயிற்று.

இம்மலை தோன்றிய வரலாற்றில் நம் நாட்டுப் பெயர் ஒன்றும் கலந்துள்ளது. ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா ஆகிய நிலப்பகுதிகள் ஒரு காலத்தில் ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. அதற்கு அறிஞர்கள் வழங்கும் பெயர் கோண்டுவானா. நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயரே அது. அப்பெருநிலம் பிளவுபடத் தொடங்கிய காலத்தில், இன்றைக்கு ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் வெடிப்புகளினின்று எரிகுழம்பு பொங்கிப் பழைய மணற்கற் பரப்பின்மீது அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. பின்னர் மழையும் ஆறுகளும் அதனை ஓயாது அரித்தன. மேலே கருமை படர்ந்த எரிமலைப் பாறைச் சுவர், கீழே வெளிறிய மணற்கற் பாறை என இரு நிறமாக மலை விளங்குவதற்குக் காரணம் இதுவே. மென்மையான மணற்கல் குடைந்து குடைந்து தேய்ந்தமையால் ஆங்காங்கே குகை போன்ற பாறை நிழல்கள் உண்டாயின. அந்நிழல்களின் பெருமையைப் பின்னர்க் காண்போம்.

பூங்காவின் வடபகுதியில் இருப்பது ராயல் நேட்டால் தேசியப் பூங்கா. டர்பன் நகரினின்று ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், பெர்க்வில் என்னும் சிற்றூரைக் கடந்து இதனை அடையலாம். 1916-இல் இப்பூங்கா அமைந்தது. 1947-இல் ஆங்கில அரச குடும்பத்தார் வந்து தங்கிய பின் 'ராயல்' என்னும் அடைமொழி சேர்ந்தது. பள்ளத்தாக்கில் நின்று நோக்குவார்க்கு எதிரே பிறைவடிவாக வளைந்து நிற்கிறது ஒரு பாறைச் சுவர். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுவரை, பண்டை ரோமானியரின் வட்டரங்கை நினைந்து 'ஆம்பிதியேட்டர்' என்று பெயரிட்டனர். அதன் விளிம்பினின்று துகேலா அருவி ஐந்து தாவல்களாக இறங்குகிறது. அதன் உயரம் 948 மீட்டர் என்று நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வருகிறது. உலகின் மிக உயர்ந்த அருவிகளில் ஒன்றாயினும், நீர் குறைந்த மாதங்களில் அது வெள்ளிக் கம்பிபோல் மெலிந்து, தொலைவில் நிற்போர் கண்ணுக்குப் புலப்படாமலே போவதும் உண்டு.

அருவியைக் காண இரு வழிகள் உள. பள்ளத்தாக்கின் வழியே காட்டு நிழலிலும் ஆற்றுக் கற்களின்மீதும் நடந்து அடிவாரப் பகுதியை நெருங்குவது ஒன்று. போக வர ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மற்றொன்று, மறுபுறத்தில் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் வழியாகச் சென்டினல் சிகரத்தின் அடியை அடைந்து, பாறையில் பொருத்திய இரு சங்கிலி ஏணிகளைப் பற்றி ஏறி, அருவி வீழும் விளிம்புக்கே செல்வது. தலைசுற்றல் உடையோர் இரண்டாம் வழியைக் கருதாதிருப்பது நலம்.

அந்நாட்டில் பருவங்கள் நம் பருவங்களுக்கு நேர்மாறானவை என்பதை மறத்தலாகாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கோடையும் மழையும் கூடி வரும். பிற்பகலில் இடியும் மின்னலும் திடீரெனத் திரளுதலால், அதற்குள் உயரத்தினின்று இறங்கிவிட வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் வானம் தெளிந்திருப்பினும் உறைபனியும் சில நாள்களில் வெண்பனிப் பொழிவும் உண்டு. ஏப்ரல், மே மாதங்கள் நடப்பதற்கு இனியவை. எக்காலத்திலும் மலையேறுவோர் தாம் செல்லும் வழியையும் மீளும் நேரத்தையும் அங்குள்ள பதிவேட்டில் எழுதிச் செல்லுதல் வேண்டும். மூடுபனியில் வழிதவறியோரைத் தேடுவார்க்கு அவ்வொரு வரியே துணையாகும்.

காட்சியின்பம் தருவதோடு இம்மலையின் பணி முடிந்துவிடவில்லை. ஆம்பிதியேட்டரை அடுத்துள்ள ஓர் உச்சிக்கு மாண்ட்-ஓ-சூர்ஸ் என்று பெயர். 1836-இல் அங்குச் சென்ற பிரெஞ்சுச் சமயப் பணியாளர் சூட்டிய அப்பெயர் ஊற்றுகளின் மலை என்று பொருள்படும். அவ்வுச்சிப் பகுதியில் பிறக்கும் துகேலா ஆறு கிழக்கே ஓடி இந்துமாக்கடலில் கலக்கிறது; அருகே பிறக்கும் பிற ஓடைகளோ ஆரஞ்சு ஆற்றோடு கூடி, கண்டத்தைக் குறுக்கே கடந்து அட்லாண்டிக் கடலை அடைகின்றன. துகேலாவின் நீரில் ஒரு பகுதி மலையின் மேற்புறத்துக்கு இறைக்கப்பட்டு, ஜோஹான்னஸ்பர்க் முதலிய நகரங்களுக்கு நீர் வழங்கும் வால் ஆற்றுக்குத் துணையாகிறது. இதற்கெல்லாம் வேராக நிற்பது மலைச்சரிவின் புல்வெளி. புல் மழைநீரைத் தாங்கி, மண்ணில் இறக்கி, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு ஈகிறது. பாதையை விட்டு விலகிக் குறுக்கே நடப்போர் காலடியில் அப்புல் சிதைந்தால், அடுத்த மழை அத்தடத்தையே ஓடையாக அறுத்துவிடும்.

அப்புல்லை மேயும் விலங்குகளுள் தலையாயது ஈலண்டு. மறிமான் இனங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகிய இதனைக் காப்பதற்காகவே 1903-இல் ஜயண்ட்ஸ் காசில் என்னும் காப்பிடம் ஏற்பட்டது. நம் இமயத்திலும் வாழும் தாடிப் பாறு என்னும் அரிய பறவை, எலும்பை உயரத்தினின்று பாறையில் போட்டு உடைத்துண்ணும் காட்சியையும் இங்குக் காணலாம்.

ஈலண்டின் பெருமையை நன்கு உணர்ந்தோர் இம்மலையின் பழங்குடியினராகிய சான் மக்கள். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த அவர்கள், மணற்கற் பாறை நிழல்களில் ஓவியம் தீட்டினர். பூங்காவில் 600-க்கும் மேற்பட்ட இடங்களில் ஏறத்தாழ 35,000 உருவங்கள் காணப்படுகின்றன. செங்காவி, வெண்களிமண், கரி ஆகியவற்றைக் குழைத்து, சிவப்பு வெண்மையாக மெல்ல மாறும் நுட்பத்துடன் அவர்கள் தீட்டிய ஈலண்டு உருவங்கள் வியப்புக்குரியன.

இவை வெறும் வேட்டைக் காட்சிகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. காம்பெர்க் பகுதியிலுள்ள கேம் பாஸ் குகையில் ஓர் ஓவியம் உண்டு. தலை தாழ்ந்து, மயிர் சிலிர்த்து, பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளச் சாகும் நிலையில் ஓர் ஈலண்டு; அதன் வாலைப் பற்றி நிற்கிறான் ஒரு மனிதன். அவன் கால்களும் அவ்வாறே பின்னியிருக்கின்றன; பாதங்களோ குளம்புகள். கூத்தாடி மெய்ம்மறந்து, ஈலண்டின் ஆற்றலைத் தன்பால் ஈர்த்து, நோய் தீர்க்கவும் மழை வருவிக்கவும் முயலும் மருத்துவன் அவன் என்று டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார். இவ்விளக்கத்துக்கு அடிப்படையானவை சான் மக்களின் சொற்களே. 1873-இல் லெசோத்தோ மலைகளில் கிங் என்னும் சான் வழிகாட்டி, ஜோசப் ஆர்ப்பன் என்னும் ஆட்சி அலுவலருக்குச் சில ஓவியங்களின் பொருளை எடுத்துரைத்தார். அன்று குறித்துவைத்த அவ்வுரை இன்றும் அறிஞர்க்குத் திறவுகோலாக உதவுகிறது.

தீட்டியவர் வாழ்வு துயரில் முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் பண்ணைகள் பெருகின. வேட்டை விலங்குகள் அருகின. சான் மக்கள் கால்நடைகளைக் கவர்ந்தனர். அவர்கள்மீது படைகள் ஏவப்பட்டன. கடைசிக்கால ஓவியங்களில் குதிரைகளும் துப்பாக்கி ஏந்திய மனிதரும் தோன்றுகின்றனர். தம் முடிவைத் தாமே சுவரில் எழுதிவைத்தனர் எனலாம். எஞ்சியோர் அண்டை மக்களோடு கலந்தனர். அவர்தம் வழியினர் இன்றும் அப்பகுதியில் வாழ்கின்றனர்.

இம்மலையின் வாயில் பிறர்க்கும் அடைபட்டிருந்த காலம் உண்டு. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையினின்று சென்ற 'டுரூரோ' கப்பல் டர்பனில் இறக்கிய ஒப்பந்தத் தொழிலாளர் தொட்டு, தமிழரும் தெலுங்கரும் பிறருமாகப் பல்லாயிரவர் நேட்டாலின் கரும்பு வயல்களில் உழைத்தனர். மலைக்கு அப்பாலுள்ள ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருப்பதை 1891-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அத்தடை 1986-இல்தான் நீங்கியது. 1953-இல் இயற்றிய மற்றொரு சட்டம் பொதுவிடங்களை நிறத்தின்படி பிரித்தது; அது 1990-இல் நீக்கப்பட்டது. நிறவெறியைக் கண்டித்து 1946 முதல் வாணிபத் தொடர்பை அறுத்திருந்த நம் நாடும் 1993-இல் அந்நாட்டோடு மீண்டும் உறவு பூண்டது. நேட்டாலில் பிறந்து, அதன் உச்சிகளைத் தொலைவிலிருந்தே நோக்கிய தலைமுறைகள் மறைந்தன. இன்று கட்டணம் செலுத்தும் எவரும் வாயிலைக் கடந்து செல்லலாம்.

வாயில் திறந்தபோது பொறுப்பும் உடன் வந்தது. நிறம் மங்கிய ஓவியங்கள் பளிச்சிட வேண்டும் என்று பண்டு வந்தோர் பலர் அவற்றின்மேல் நீரை வாரி இறைத்தனர். நீர் உலரும்போது கல்லிலுள்ள உப்பு வெளிப்பட்டு, ஓவியத்தை மேலும் மங்கச் செய்தது. விரலால் தடவியோரும் தம் பெயரைக் கீறியோரும் உளர். பகைவர் செய்யாத கேட்டை அன்பினால் வந்தோர் செய்தனர். எனவேதான் கேம் பாஸ் போன்ற இடங்களுக்கு இன்று வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல இயலும். அவ்விதியைத் தொல்லையாகக் கருதுவோர், அந்தச் சுவர்களன்றி அம்மக்கள் தம் கையால் எழுதிய வேறு ஏடு அம்மலையில் இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மலைக்குச் செல்லும் பேறு நம்மவர்க்கு வாய்க்குமாயின், அருவியைக் கண்டு மகிழ்வதோடு ஒரு நாளேனும் ஒதுக்கி அப்பாறை நிழல்களில் அமைதியாக நிற்க வேண்டும். எட்ட நின்று காண்க. எதையும் தொடாது மீள்க. நாம் தொடாது விட்டதைத்தான் நமக்குப் பின் வருவோர் காணப்போகின்றனர்.