செராமிக்காரர் குடும்பம்: அன்றும் இன்றும்

பழைய வீடுகளில் மெயின் போர்டைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் கேரியர் இருக்கும். கரண்ட் போனால் அதைப் பிடுங்கி, கருகிய கம்பியைக் கழற்றி, புதுக் கம்பியைச் சுற்றி மறுபடி அழுத்திச் செருகுவார்கள். அப்படிப் பிடுங்கிச் செருகிய பீங்கான்களில் பல விருத்தாசலத்தில் சுட்டவை. கைக்குள் அடங்கும் அந்தப் பொருளை நம்பிக் குடும்பங்கள் பிழைத்தன. தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது, தம்பிகள் படித்தார்கள், மழைக்கு ஒழுகிய கூரை ஓடானது. நல்லூரில் எங்கள் பெரியப்பா வீடும் அதில் ஒன்று. ஊரில் அவருக்கு 'செராமிக்காரர்' என்றுதான் பெயர்.

விருத்தாசலத்துக்குப் பீங்கான் வந்ததற்கு நெய்வேலி காரணம். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக எதுவோ மேலே வந்ததும், அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்ததும் இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்த கதை. 1956-ல் அந்த நிலக்கரியை எடுக்க நிறுவனம் தொடங்கி, மறு ஆண்டே சுரங்க வேலை ஆரம்பித்தது. நிலக்கரியை எடுக்க மேலே இருக்கும் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வந்தது. 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை எழுந்தது. அதைத் தொடர்ந்து தமிழகத்தின் பல ஊர்களிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. நெய்வேலிக் களிமண் பக்கத்திலேயே இருந்ததால் விருத்தாசலத்துக்கு வந்தது செராமிக் தொழிற்பேட்டை. சின்னச் சின்னக் கொட்டகைகளை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு மண்ணைப் பக்குவம் செய்து கொடுக்கவும் சுட்டுத் தரவும் அரசு மையம் இருந்தது. கையில் முதல் இல்லாதவனும் ஓர் அச்சையும் நாலு ஆட்களையும் வைத்துக்கொண்டு முதலாளி ஆகலாம் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. பெரியப்பா முதலாளி ஆகவில்லை. கடைசி வரை கூலிக்காரர்தான்.

நல்லூர் மணிமுத்தாறும் கோமுகியும் கூடுகிற இடம். இரண்டு ஆறு சேர்ந்தாலும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். வீட்டுக்கு இருந்தது கொஞ்சம் மானாவாரி நிலம். மழை பெய்தால் மணிலா, பெய்யாவிட்டால் கடன். தாத்தா சீக்கிரம் போய்விட்டார். மூத்த பிள்ளை என்ற ஒரே தகுதியில் குடும்பம் பெரியப்பா தலையில் விழுந்தது. மீசை சரியாக முளைக்காத வயதில் சைக்கிளை மிதித்துக்கொண்டு விருத்தாசலத்துக்குக் கிளம்பியவர் அவர். அதே மணிமுத்தாறுதான் நல்லூரைத் தாண்டி விருத்தாசலத்துக்கும் போகிறது. "ஆத்து கூடவே போயி ஆத்து கூடவே வர்றேன்" என்பார்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஃபியூஸுக்கு மண் குழம்பாக இருக்காது. லேசாக ஈரம் பிடித்த மாவாக இருக்கும். கையில் அள்ளி இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், உதறினால் உதிர வேண்டும். அதை இரும்பு அச்சில் கொட்டி, மேலே இருக்கும் கனத்த கைப்பிடியைச் சுழற்றி ஒரே அழுத்தாக அழுத்துவார். தோள் முழுவதும் அதில் இறங்கும். அச்சைத் திறந்தால் சாம்பல் வெள்ளையில் ஃபியூஸ், தொட்டால் நொறுங்கிவிடும் பதத்தில். சூளையில் வெந்தால் பத்தில் ஒரு பங்குபோலச் சுருங்கும். அதனால் அச்சை முதலிலேயே பெரிதாக வெட்டியிருப்பார்கள். சுருங்கிய பிறகு திருகாணி போகும் ஓட்டை தன் இடத்தில் வந்து உட்கார வேண்டும். மாவில் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஓட்டை நகர்ந்துவிடும். அளவுகோல் எதுவும் இல்லாமல் விரலாலேயே ஈரத்தைச் சொல்லிவிடுவார். டஜன் கணக்கில் கூலி. ஓட்டை தப்பியது கணக்கில் சேராது.

பிறகு சூளை. சரக்கைத் தீக்களிமண் பெட்டிகளில் அடுக்கி, பெட்டி மேல் பெட்டியாக உள்ளே ஏற்றி, வாசலைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்துவிடுவார்கள். அடைத்தால் இரவு பகலாக எரிக்க வேண்டும். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் போக வேண்டும், ஆனால் அவசரப்பட்டு ஏற்றக் கூடாது. ஈரம் வெளியேறுவதற்கு முன் சூட்டைக் கூட்டினால் சரக்கு வெடிக்கும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், அதற்கு மேல் கண் கூசும் வெளுப்பு என்று துளை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்துத்தான் எரிப்பார்கள். உள்ளே சின்னக் கூம்புகளை நிறுத்தியிருப்பார்கள். குறித்த சூட்டில் கூம்பின் தலை வளையும். அது வளையும் வரை பெரியப்பா தூங்கியதில்லை. எரித்து முடிந்த பின்னும் ஒரு நாளுக்கு மேல் ஆற விட வேண்டும். பார்ட்டி வந்து வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும் திறக்க மாட்டார். வெளிக்காற்று சூடான பீங்கானில் பட்டால் கீறிவிடும்.

எரிப்பு நாளில் அவருக்குச் சோறு கொண்டுபோகும் வேலை எங்களுக்கு. தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, "என்னடா தம்பி, பரிட்சை எழுதிட்டியா?" என்பார். கண் மட்டும் துளையிலேயே இருக்கும். வெக்கையில் முகம் செங்கலாய்ச் சிவந்திருக்கும். அப்பா என்றால் என்ன வேலை செய்பவர் என்று அவருடைய பிள்ளைகளுக்கு யாரும் விளக்கியதே இல்லை. அவர்கள் கண் முன்னாலேயே நின்றார்.

விருத்தகிரீஸ்வரர் கோயில் வன்னி மரத்துக்கு ஒரு தல புராணம் உண்டு. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலையைக் கொடுத்தாராம். உழைத்தவன் கையில் உழைப்பின் அளவுக்கு அது பொன்னாக மாறியதாம். சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கிய கையோடு அந்தக் கோயிலுக்குப் போய் மரத்தைச் சுற்றிவிட்டுத்தான் பெரியப்பா ஊருக்கு வருவார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பணத்தைப் பிரிப்பார்: மளிகைக்கு, சீட்டுக்கு, தம்பியின் ஹாஸ்டலுக்கு, கடன்காரருக்கு. தனக்கென்று பீடிக்குக்கூட எடுத்தவரில்லை. யாருக்குப் பெண் கொடுப்பது, எந்த மாட்டை விற்பது என்று அவர் சொல்வதே முடிவு. எதிர்த்துப் பேச வீட்டில் யாருக்கும் வாய் வராது. ஒருமுறை சரக்கெடுத்த வியாபாரி ஒருவர் பணத்தை இழுத்தடித்தார். அதனால் முதலாளி கூலி தரவில்லை. பெரியப்பா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தார். பணம் வந்ததும் மறக்காமல் போய் ராஜினாமாவும் கொடுத்தார். வழக்கை முடித்து வைக்காமல் விடுவது சாமிக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் கணக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் ஊர் சொல்வது. ஊர் சொல்லாமல் விட்டது பெரியம்மாவை. விடிந்தால் சமையல், அது முடிந்தால் பஸ் ஏறி அவரும் அதே தொழிற்பேட்டைக்குப் போனார். பொம்மைக் கொட்டகையில் வேலை. கூழாகக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டியாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடாகப் பொம்மை நிற்கும். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் முதுகெங்கும் ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடு இருந்ததே தெரியாமல் ஆக்குவது பெரியம்மாவின் கை. கிளேஸ் முக்கிய பிறகு ஒவ்வொரு பொம்மையின் அடியையும் திரும்பத் துடைப்பதும் அவர்தான். அடியில் ஒரு துளி கிளேஸ் இருந்தாலும் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டு அந்தப் பொம்மை உடைந்துதான் வரும். நாள் முழுக்கக் குனிந்து இதைச் செய்துவிட்டு, வாங்கிய கூலியை அப்படியே பெரியப்பா கையில் கொடுத்துவிடுவார். திண்ணையில் பிரிக்கப்பட்ட பணத்தில் பாதிக்குப் பாதி அவருடைய பணம். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் என்று ஊரில் பேசப்பட்டவர் ஒருவர்தான். பெரியப்பாவின் உழைப்பில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயரில் பெரியம்மாவின் பங்கும் சேர்ந்தே இருந்தது என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

தொழில் சரிந்தது ஒரே நாளில் அல்ல. வீடுகளில் எம்.சி.பி. வந்தது. கரண்ட் போனால் விரலால் தட்டிவிட்டால் போதும், கம்பி சுற்ற வேண்டியதில்லை. ஃபியூஸ் கேட்டு வந்த லாரிகள் குறைந்தன. கப்பும் சாசரும் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவிலிருந்து மலிவாக வந்தன, பொம்மைகள் சீனாவிலிருந்து. எரிபொருள் விலை ஏற ஏற, சின்னச் சூளைக்குக் கட்டுப்படியாகவில்லை. 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, நிலத்தை நம்பித் திரும்பலாம் என்றிருந்தவர்களுக்கும் அந்த வழி அடைபட்டது. பெரியப்பா அப்போதே இருமத் தொடங்கியிருந்தார். மண் மாவில் குவார்ட்ஸ் தூள் இருக்கும். அது நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. அவர்களை வேலைக்கு வைத்தவர்கள் அந்தத் தூளின் ஆபத்தைச் சொல்லியிருக்க வேண்டும், முகக்கவசம் கொடுத்திருக்க வேண்டும். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

தொழில் செத்துப்போகவில்லை. கார்த்திகை வந்தால் அகல் விளக்குக்கும், நவராத்திரி வந்தால் கொலு பொம்மைக்கும் கொட்டகைகளில் இடம் இல்லாமல் வேலை நடக்கிறது. விறகு, நிலக்கரி போய் கேஸ் சூளைகள் வந்திருக்கின்றன. டிகிரியைத் துளையில் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், டப்பாவில் எண் ஓடுகிறது. பெரியப்பாவின் மருமகள் அப்படி ஒரு விளக்குக் கொட்டகையில்தான் வேலை செய்கிறார். முகக்கவசம் போட்டுக்கொள்கிறார். கூலி அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது, திண்ணைக்கு வருவதில்லை. மாமனாரின் மாத்திரைச் செலவை அவர் தாமாகவே ஏற்றுக்கொண்டார், யாரும் சொல்லிச் செய்ததில்லை.

மகன் விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமோ படித்தான். படித்தவனுக்கு உள்ளூரில் இடமில்லை. முதலில் காரைக்கால், இப்போது குஜராத்தின் மோர்பி. டைல்ஸ் என்றால் இந்தியாவில் மோர்பிதான். அங்கே நீளமான சூளைக்குள் உருளைகள் மேல் டைல் ஒரு பக்கம் நுழைந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபக்கம் வெந்து வெளியே வருகிறது. அவன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சூட்டைப் பார்க்கிறான். அவனும் இரவு ஷிப்டில் கண் விழிக்கிறான், அப்பனைப் போலவே. தீபாவளிக்கு வந்தபோது பெரியப்பா அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒரு மணி நேரத்துல வெந்தா வெடிக்காதா?" அவன் பேப்பரில் படம் போட்டு அரை நாள் விளக்கினான். டைல் மெல்லிசு, ஈரம் முன்னாலேயே போய்விடுகிறது, சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுகிறது என்று. அப்பனும் மகனும் அவ்வளவு நேரம் சேர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் அவனுடைய பிள்ளைகளுக்கு அவன் வேலை ஒரு வீடியோ காலுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர். தூக்குவாளி கொண்டுபோய் நிற்க அவர்களுக்கு ஒரு வாசல் இல்லை. இன்றைய தகப்பன்மார் உழைப்பில் குறைந்துவிட்டார்கள் என்று பேசுபவர்களிடம் நான் ஒத்துப்போகமாட்டேன். உழைப்பு அதேதான், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நடக்கிறது.

போன வருஷம் நல்லூர் நிலத்தை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். நல்ல விலை. வாட்ஸ்அப்பில் மோர்பியிலிருந்து மகனும், திட்டக்குடியிலிருந்து மகளும், எதிரே மருமகளும் உட்கார்ந்து பேசினார்கள். மகன் விற்கலாம் என்றான். மகள் வேண்டாம் என்றாள். முன்பு மாதிரி என்றால் பெரியப்பா ஒரு சொல்லில் முடித்திருப்பார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். இருமி முடித்துவிட்டு, "ஒங்க அம்மாவக் கேளுங்க. அவ கூலியும் சேந்துதான் அந்தக் கடன் அடைஞ்சுது, நெலம் நம்ம கையில நின்னுது" என்றார். அந்தக் கணக்கு அவருக்கு எப்போதும் தெரிந்தேயிருக்கிறது.

பெரியம்மா யோசிக்கவே இல்லை. விற்க வேண்டாம், இந்த ஆடிக்கு மணிலா போடலாம், உழவுக்குப் பணம் மருமகள் தருவாள், அறுப்புக்கு மகன் லீவு போட்டு வரட்டும் என்றார். அப்படியே போட்டார்கள். அறுப்புக்கு மகனும் வந்தான்.